மேலே ஒன்று, கீழே ஒன்று

கல்யாணமாகிக் கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று இட்லிக் கொப்பரை, இன்னொன்று கணக்கு. விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் கணக்கில் நான்தான் முதல். எட்டாவதோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் விடாமல் வாந்தியெடுத்ததில் உடம்பில் இருந்த மற்றதெல்லாம் வெளியே போய்விட்டது, கணக்கு தெரிந்தவள் என்ற மிதப்பு மட்டும் போகவில்லை.

வீட்டுக்காரருக்குத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட ஒரே மரவீட்டை நடுவில் பலகைத் தடுப்பு அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பாதியில் நாங்கள், அந்தப் பாதியில் தீவுகளுக்கு நடுவே ஓடும் சர்க்கார் போட்டின் சாரங்கும் அவர் மனைவியும். சாரங் என்றால் போட்டில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தலைவர். மாதத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். அவர்கள் வீட்டில் கடுகு வெடித்தால் எங்களுக்குக் கேட்கும், எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்குக் கேட்கும். மழை பெய்தால் மட்டும் தகரத்தின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. நல்லவேளையாக அங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை.

சாரங்கின் மனைவியை என் மகள் மௌசி என்று கூப்பிட்டாள், அம்மாவோடு பிறந்தவளைக் கூப்பிடும் முறை. நான் தீதி என்றேன், அக்காவுக்கு அங்கே அதுதான் சொல். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய தாத்தாவைக் கைதியாகக் கொண்டுவந்து அந்தத் தீவில் இறக்கியிருந்தார்கள். தாத்தா ரயில்வேயில் இருந்தார் என்று நம் ஊரில் சொல்வதுபோல அதை அவர் சாதாரணமாகச் சொல்வார். பிறந்தது, வளர்ந்தது, ஐந்தாவது வரை படித்தது எல்லாம் அங்கேயேதான். பையன் பெரியவனாகிக் கல்கத்தாவில் வேலைக்குப் போய்விட்டதால் என் மகள்மேல் உயிராக இருந்தார். அவருக்கும் கணக்கு நன்றாக வரும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களுக்குள் அதற்கு முன்பே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. என் அம்மா தபாலில் அனுப்பிய கொத்தமல்லி விதையைப் பாத்தி கட்டிப் போட்டு, முளைத்து இரண்டு இலை விட்ட நேரத்தில், அவர் வீட்டுக் கோழிகள் ஒரே காலையில் கிளறி முடித்துவிட்டன. நான் என் தமிழில் கத்தினேன், அவர் தன் ஹிந்தியில் கத்தினார். பாஷை புரியாதது சண்டைக்கு ஒரு குறையாகவே இல்லை. பதினோரு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மகளையும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் மௌசி வீட்டில் பக்கோடாவும் டீயுமாக உட்கார்ந்து பழகிய குழந்தை, அந்தப் பதினோரு நாளும் பலகையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அங்கேயிருந்து நாலு முட்டை வந்தது, இங்கேயிருந்து பத்து இட்லி போனது, எல்லாம் சரியாகிவிட்டது. பெரியவர்களுக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லவேண்டும்.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. மழைக்காலத்தில் அம்மை போட்டு மூன்று வாரம் படுத்துவிட்டாள். அந்த மூன்று வாரத்தில்தான் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அரைப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு. முழுப் பரீட்சையில் முப்பத்துமூன்று எடுத்தால் பாஸ், எடுக்காவிட்டால் மே மாத நடுவில் மறுபரீட்சை எழுதவேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அந்த மே மாதம்தான் சிக்கல். என் ஒரே தங்கைக்கு வைகாசியில் கல்யாணம். வீட்டுக்காரர் நடையாய் நடந்து மே முதல் வாரக் கப்பலில் மூன்று பேருக்கும் இடம் வாங்கியிருந்தார். அதை விட்டால் நம் ஊர்ப்பக்கம் போகும் அடுத்த மெயின்லேண்ட் கப்பல் மூன்று வாரம் கழித்துத்தான். நான் அம்மா முகத்தைப் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மகள் பாஸ் என்றால் மூன்று பேரும் கப்பலேறுவது, ஃபெயில் என்றால் அவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவது. என் தங்கை கல்யாணத்தில் அவர் தனியாகப் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்கு இலையை வழிப்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வீடு பள்ளிக்கூடமானது. பின்பக்கத்துப் பாக்குமரங்களின் கீழே பொறுக்கிய பாக்கைக் காயவைத்துப் பத்துப் பத்தாகக் கூறு கட்டினேன். மேட்டில் ஏறும்போது வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஏறவேண்டும். சரிவு கடுமையாகும் இடத்தில் ஏழாம் வாய்ப்பாடு வரும், அம்மாவும் பெண்ணுமாக மூச்சு வாங்குவோம். அந்த ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் நாலு மணிக்கே வாசல்படியில் சிலேட்டோடு உட்காரவைத்துவிடுவேன். அடுப்படியிலும் விடமாட்டேன். பன்னிரண்டு வடையை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்னால் அப்பாவுக்கு ஐந்து என்று ஆரம்பிப்பாள். வாஸ்தவத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, அதனால் அடிக்கவும் முடியவில்லை.

கூட்டல் வந்தது, பெருக்கல் வந்தது. கழித்தலுக்கு வந்தோம். எங்கள் ஊரில் எனக்குச் சொல்லித் தந்த மாதிரியே சொல்லித் தந்தேன். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக எவ்வளவு? இரண்டில் ஏழு போகாது. ஒரு பத்தைக் கடன் வாங்கு. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அதனால் கீழே இருக்கிற இரண்டோடு ஒன்றைக் கூட்டி மூன்று. ஐந்தில் மூன்று போக இரண்டு. விடை இருபத்தைந்து. உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் கழிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மதியம் எனக்கு ஒரு மணி நேரம் தூங்கியாகவேண்டும். மதியத்தோடு பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் இருப்பாள். மௌசியும் அவளுக்குக் கழித்தல் சொல்லித் தருகிறார் என்று தெரியும். நல்லதுதானே என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே கொஞ்சம் கரித்தது. எட்டாவது படித்தவள் பெற்ற பிள்ளைக்கு ஐந்தாவது படித்தவரா வாத்தியார் என்று தோன்றும், திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவேன்.

இரண்டு வீட்டில் படித்தும் கழித்தல் மட்டும் தேறவில்லை. பாக்கை வைத்துக் கழித்தால் சரியாகச் சொல்வாள், சிலேட்டில் எழுதினால் தப்பு. ஒரு தடவை கூடச் சரியில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. காதைத் திருகினேன், சிலேட்டுக் குச்சியை உடைத்தேன், அம்மையைத் திட்டினேன், ரேஷன் அரிசியைத் திட்டினேன். கடைசியாக வீட்டுக்காரரின் வம்சத்துக்கு வந்து, அதில் யாருக்குமே கணக்கு வராது என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கப்பலில் வந்த பேப்பர், பத்து நாள் பழசு.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மதியம் தூக்கத்தைத் தியாகம் செய்தேன். பழைய ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கத்தில் அவளுடைய விடைகளை வரிசையாக எழுதிப் பக்கத்தில் சரியான விடையையும் எழுதினேன். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக இருபத்தைந்து, அவள் எழுதியது பதினைந்து. எண்பத்துமூன்றில் நாற்பத்தாறு போக முப்பத்தேழு, அவள் எழுதியது இருபத்தேழு. எழுபத்தொன்றில் முப்பத்தெட்டு போக முப்பத்துமூன்று, அவள் எழுதியது இருபத்துமூன்று. ஒன்று விடாமல் எல்லாம் கணக்காகப் பத்து குறைச்சல். கணக்கு வராத பிள்ளை கண்டபடி தப்புப் போடும். இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் போடுவது சும்மா வராது. யாரோ இதைக் கற்றுக்கொடுத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன், யார் என்றும் முடிவு செய்துவிட்டேன்.

சாயங்காலம் அவளை உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு கணக்கைப் போடச் சொன்னேன். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து என்றாள். பிறகு மேலே இருந்த ஐந்தின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று இழுத்து, நாலு என்றாள். கீழே இருந்த இரண்டை மூன்று என்றாள். நாலில் மூன்று போக ஒன்று. பதினைந்து. அந்தக் கோட்டை அத்தனை நாளும் நான் பழைய சிலேட்டின் கீறல் என்று நினைத்திருந்தேன்.

"மேல எதுக்குடி கோடு போட்ட?"

"கடன் குடுத்தவங்ககிட்ட ஒண்ணு கம்மி ஆயிரும்ல. மௌசி சொன்னாங்க."

"அப்ப கீழ எதுக்கு ஒண்ணு கூட்டுன?"

"திருப்பிக் குடுக்கணும்னு நீ சொன்னீல்ல."

இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் செய்யவேண்டும், இரண்டையும் செய்தால் ஒரே பத்தை இரண்டு தடவை கழித்ததாகிவிடும் என்று சொன்னேன். ஏன் ஒன்றை விட்டிருக்கக்கூடாது என்று கேட்டேன். அவள் சிலேட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"ஒண்ண விட்டா நீயும் மௌசியும் மறுபடியும் பேச மாட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. காதைத் திருகிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொத்தமல்லிக்காக நடந்த சண்டை எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் மறக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பேச்சில் வைத்திருப்பதற்காகத் தினமும் இரண்டு பேர் முறையையும் ஒரே கணக்குக்குள் திணித்து, தப்பு விடை எழுதி, திட்டும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் தூங்கியபின் மௌசியின் முறையில் நானே நாலைந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே ஒன்றைக் குறைப்பது, கீழே தொடாமல் விடுவது. ஒவ்வொன்றும் சரியாக வந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் அதிலும் மௌசி முறைதான்.

வீட்டில் சொன்னால் பலகை வழியாக அந்தப் பக்கம் போய்விடும், நான் இறங்கிவந்தது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் மறுநாள் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது பாதிச் சரிவில் நின்று சொன்னேன்.

"இனிமே மௌசி சொன்ன மாதிரியே போடு. நான் சொன்னத விட்ரு."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தேன். ஒரு கழித்தல் கணக்குக்கா இவ்வளவு என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த ஊரில் என்னிடம் வேறு என்ன இருந்தது? பஜாருக்குப் போனால் விலை கேட்கக்கூட மகள்தான் எனக்கு ஹிந்தி சொல்லித் தரவேண்டும். ஹிந்தியில் அவள் படிக்கிற பாடம் எதுவும் எனக்குப் படிக்க வராது. எண்கள் மட்டும்தான் நான் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய மாதிரி இருந்தன. அது ஒன்றையாவது என் கையால் கொடுக்கிறேன் என்று இருந்தேன், அதையும் விட்டாயிற்று.

அன்று சாயங்காலம் நிம்மதியாகச் சிலேட்டை வாங்கிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக முப்பத்தைந்து. எண்பத்துமூன்றில் நாற்பத்தாறு போக நாற்பத்தேழு. இப்போது எல்லாமே பத்து கூடுதல்.

மௌசி மாதிரி போடு என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன். அவள் குழப்பமாக என்னைப் பார்த்தாள்.

"மௌசி, அம்மா மாதிரி போடுன்னு சொன்னாங்க. அவங்க சொன்னத விட்ரணுமாம்."

நான் சொன்னதற்காக என் முறையை விட்டிருந்தாள். மௌசி சொன்னதற்காக மௌசியின் முறையையும் விட்டிருந்தாள். மேலேயும் குறைக்கவில்லை, கீழேயும் கூட்டவில்லை. யாரிடமிருந்தும் எடுக்காமல் ஒரு பத்து எங்கிருந்தோ வந்து கணக்கில் உட்கார்ந்திருந்தது. நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அவர் எனக்காகக் காத்திருந்தவர் மாதிரி டீக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் நாங்கள் பேசியது பலகை வழியாகக் கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டுச் சண்டைகளைக் கேட்டுக்கேட்டே அவருக்கு முக்கால்வாசித் தமிழ் புரியும். குழந்தை தன்னால் குழம்புகிறாள், பெற்றவள் சொன்னபடி படிக்கட்டும் என்று மதியமே அவளிடம் சொல்லிவிட்டாராம். அதற்கு முந்தி, நான் போடுகிற சத்தத்தில்தான் பிள்ளைக்குக் கணக்கு மறந்துபோகிறது என்று நினைத்திருந்தாராம். அதையும் மறைக்காமல் சொன்னார். நான் அவரைப் பற்றி நினைத்திருந்ததை மட்டும் நான் சொல்லவில்லை.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாக அதே ஐம்பத்திரண்டைப் போட்டோம். இரண்டு பக்கமும் இருபத்தைந்து. அவருடைய முறையை நான் சந்தேகத்தோடு பார்த்தேன், என்னுடையதை அவர் அதைவிடச் சந்தேகத்தோடு பார்த்தார். கடன் கொடுத்தவன் மேலே இருக்கிறான், நீ கொண்டுபோய்க் கீழே இருக்கிறவனிடம் கொடுக்கிறாயே, அது ஏன் என்று தன் ஹிந்தியில் கேட்டார். எட்டு வருஷம் முதல் மார்க் வாங்கியவளுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை. மேலே ஒன்றைக் குறைப்பதற்குப் பதிலாகக் கீழே ஒன்றைக் கூட்டிக் கழித்தாலும் மிச்சம் அதேதான் என்று பாக்கை எண்ணிவைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டோம். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

அப்புறம் உங்கள் முறையே இருக்கட்டும், இல்லை உங்களுடையதே இருக்கட்டும் என்று ஒரு அரைமணி நேரம் உபசாரம் நடந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் எதுவோ அதுவே என்று மௌசி முறைக்கு வந்தோம். மகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து இருவரும் சேர்ந்து சொன்னோம். தலையை ஆட்டினாள். அடுத்த இரண்டு வாரமும் விடைகள் சரியாக வந்தன. என்ன, ரொம்ப நேரம் எடுத்தாள். சிலேட்டை முழங்காலில் சாய்த்து, எனக்குத் தெரியாதபடி எதையோ எழுதி அழிப்பாள். விடை சரியாக வருகிறதே என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அதுவே பெரிய சாதனை.

பரீட்சை முடிந்து நாலைந்து நாளில் பேப்பரைக் கொடுத்தனுப்பினார்கள், பெற்றவர் கையெழுத்துப் போடவேண்டும். பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். முதல் நாலும் கழித்தல். நாலும் சரி. அடுத்த ஆறையும் தொடவே இல்லை. மொத்தம் நாற்பது, பாஸ். மூன்றோடு நேரம் முடிந்திருந்தால் முப்பது, என் தங்கை கல்யாணம் போயிருக்கும். எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கூட்டலும் பெருக்கலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதையெல்லாம் எழுதாமல் அவ்வளவு நேரம் என்ன செய்தாள் என்று பேப்பரைத் திருப்பினேன்.

ஒவ்வொரு கழித்தலையும் இரண்டு தடவை போட்டிருந்தாள். இடது பக்கம் மேலே கோடு அடித்து மௌசியின் முறையில் ஒன்று. வலது பக்கம், அதே கணக்கு, கீழே குட்டியாக ஒன்றைக் கூட்டி என் முறையில். நாலு கணக்குக்கும் அப்படியே, இரண்டு பக்கமும் ஒரே விடை.

"ரெண்டு பேரோடதும் ஒண்ணா வந்தாத்தான் கரெக்ட்" என்றாள்.

பேப்பரை எடுத்துக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு மௌசியிடம் ஓடினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தன் பக்கத்தில் ஒரு விரலை வைத்தார், என் பக்கத்தில் ஒரு விரலை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு வந்த தமிழில் சொன்னார்.

"நாப்பது. இருபது உன்னுது, இருபது என்னுது."

நானும் சரி என்று சிரித்தேன். கப்பல் கிடைத்த சந்தோஷம் அப்போதுதான் உடம்பில் ஏறியது. இந்த வயதில் பள்ளிக்கூடத்தில் இருபது மார்க் வாங்கியதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நடுவில் நின்றுகொண்டிருந்த மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்பதில் இருபது போய், மறுபடியும் இருபது போனால் என்ன மிச்சம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லயா?" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கீழே உட்கார்ந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, நாற்பதும் உனக்குத்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, என் தோளுக்கு மேலே மௌசியைப் பார்த்தாள். மௌசியும் தலையை ஆட்டிய பிறகுதான் சிரித்தாள்.